பிரசிடெண்ட் வீட்டுப் பச்சோந்தித் தம்பதி

பச்சோந்தியின் இல்லற நலனுக்காகத் தன் ஓய்வையும், அதைவிட முக்கியமாக அக்கம்பக்கத்தாரின் ஓய்வையும், தியாகம் செய்த மாமனிதர் உலகில் ஒருவர்தான். அவர் எங்கள் அம்பாஞ்ஜா ஊரில், கொக்கோ காயவைக்கும் களத்துக்கு எதிர்வீட்டில் வசிப்பது எங்கள் தெரு செய்த பாக்கியம். பெயர் திமோத்தே. 'பச்சோந்தி நல்வாழ்வு மற்றும் இனவிருத்திச் சங்க'த்தின் தலைவர். சங்கம் தொடங்கியபோது பச்சோந்தி ஒன்றுகூட இல்லை. தலைவர் மட்டும் இருந்தார்.

தலைநகரில் வனத்துறை நடத்திய பயிலரங்குக்கு அவர் போய் வந்ததில் பிறந்த சங்கம் அது. கூண்டில் வளர்த்துப் பெருக்கிய பச்சோந்திகளை வெளிநாட்டுக்கு அனுப்ப உரிமம் தரப்போகிறார்களாம். ஒரு ஜோடி நல்லபடியாகக் குடும்பம் நடத்துவதைக் காட்டினால் போதுமாம். உரிமம் வந்தால் வீட்டுக்கு வீடு கூண்டு, வீட்டுக்கு வீடு வேலை. பொய் சொல்வானேன், எங்களுக்கும் நாக்கில் நீர் ஊறியது.

மணமக்களை அழைத்துவரத் தலைவரும் செயலாளர் தொம்போவும் கொக்கோத் தோட்டத்துக்குப் போனார்கள். தொம்போ பஜாஜ் ஆட்டோ ஓட்டுகிறவன். சங்கத்தில் வண்டி வைத்திருந்தவன் அவன் ஒருவனே என்பதால் செயலாளர் பதவி அவனைத் தேடி வந்தது. கிளையில் குட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இளசில் ஆணும் பெண்ணும் ஒரே மங்கல் பழுப்பு.

"பொண்ணு அதோ, அதுதான்" என்று தோட்டக்காரன் விரலை மடக்கி முட்டியால் காட்டினான். பச்சோந்தியை நோக்கி விரலை நீட்டும் பாவத்தை எங்கள் ஊரில் குடிகாரன்கூடச் செய்யமாட்டான்.

தலைவரும் பக்தியோடு விரலை மடக்கினார். "அதானே?"

"அதேதான்."

மடக்கிய முட்டி மொத்தக் கிளையையும் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு ஆண்கள் மணமக்களாக ஊர்வலம் வந்தார்கள்.

பராமரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. காலையும் மாலையும் இலைகளில் தண்ணீர் தெளித்தார். வெட்டுக்கிளி பிடிக்கத் தெருவையே ஏவினார். 'தம்பதியின் மன அமைதி' கருதி எங்கள் வீடுகளில் சலேகி என்னும் துள்ளாட்டப் பாட்டை நிறுத்தினார். பச்சோந்திகளைத் தனித்தனிக் கூண்டில் வைக்க வேண்டும் என்று பயிலரங்கில் சொன்னார்களாம். அந்தப் பாடம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது. தலைவர் அப்போது கண்ணை மூடி ஆழ்ந்து கவனித்துக்கொண்டிருந்தார்.

மழைக்காலம் முடிவதற்குள் மணமகளுக்கும் நீலப் பட்டையும் பச்சைப் பளபளப்பும் வந்தன. பெண் கடைசிவரை மங்கலாகத்தான் இருக்கும் என்பது வேலிப் பச்சோந்திகளைப் பார்த்து வளர்ந்த எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"பாத்தியா? என் வீட்டுக்கு வந்ததும் எப்படிப் பூரிச்சுட்டா!" என்றார் தலைவர்.

இரண்டும் உடம்பை உப்பிக்கொண்டு, வாயைப் பிளந்து சீறின. 'ஊடல்' என்றார். ஒன்று மற்றதன் விலாவைக் கடித்தது. 'கூடல்' என்றார். கடிபட்டது இரையைத் தொடாமல், மெலிந்து, கூண்டின் அடியில் கறுத்துக் கிடந்தது. தலைவர் மகிழ்ச்சியில் சங்கத்தைக் கூட்டினார்.

"மசக்கை!"

"பிரான்ஸியா அப்பா, நம்ம பிள்ளை மசக்கையில நான் மாங்காய் ஊறுகா தின்னேன்" என்றாள் அவர் மனைவி சுவாசாரா. "இது சாகக் கிடக்கு. வேற கூண்டுல வைங்க."

"புருஷனையும் பெண்டாட்டியையும் பிரிக்கச் சொல்றியா?"

"உங்க தம்பிங்க ரெண்டு பேரை ஒரே அறையில பூட்டுனா என்ன ஆகும்?"

"அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?"

தொம்போ எழுந்தான். எங்கள் ஊரில் கூட்டத்தில் பேசுகிறவன் முதலில் தான் பேசத் துணிந்ததற்கே மன்னிப்புக் கேட்க வேண்டும். மூத்தவர் முகத்துக்கு நேரே குறை சொல்வது அந்தக் குறையைவிடப் பெரிய குறை. எனவே வானத்திடமும் முன்னோரிடமும் தலைவரிடமும் கோழிகளிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"இந்த வீட்ல ரெண்டு வீரர்கள் இருக்காங்க. மீசை முளைக்காதது ஒண்ணுதான் குறை. அந்த ரெண்டு சிங்கங்களும் நீடூழி வாழணும்."

இதைவிடத் தெளிவாக நாகரிகமுள்ள மனிதன் எப்படிச் சொல்வான்? தலைவர் நெகிழ்ந்துபோய்க் கைதட்டினார். நாங்களும் தட்டினோம். அன்றே அவர் வனத்துறைக்குச் செய்தி அனுப்பினார்: 'விரைவில் நற்செய்தி.'

அடுத்த வாரம் தலைநகரிலிருந்து மதாம் ஹரிவேலு என்ற பெண்மணி வந்தார், வனத்துறை ஆய்வாளர். முற்றம் நிறையத் தெரு. தேங்காய்ச்சோறு மணத்தது. மதாம் கூண்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இதுல அம்மா யாரு?"

செயற்குழு முழுவதும் ஒரே நேரத்தில் விரலை மடக்கியது. பாதி முட்டி மேலே காட்டியது, பாதி கீழே. தொம்போவின் முட்டி தலைவரைக் காட்டியது.

"பிரசிடெண்ட், மன்னிக்கணும். ரெண்டும் ஆண்."

திமோத்தே குனிந்து கூண்டுக்குள் பார்த்தார். விலாவில் இருந்த கடி, ஒட்டிய வயிறு, கறுத்த தோல். மாதக்கணக்கில் தினமும் பார்த்ததை அப்போதுதான் பார்த்தார். உரிமம் போயிற்று, சங்கம் போயிற்று, நாளை எந்த முகத்தோடு ரொட்டி வாங்கப் போவது? அவர் முகத்தில் ஏதோ ஒன்று வரப்பார்த்தது.

"ஆனா அதுல ஒரு சிக்கல் இருக்கு" என்றார் மதாம். "'விரைவில் நற்செய்தி'ன்னு நீங்க அனுப்புனீங்க. மாவட்டத்துல அதைக் 'கர்ப்பம்'னு மேல அனுப்பினாங்க. மாகாணத்துல 'முட்டை'ன்னாங்க. போன செவ்வாய்க்கிழமை எங்க இயக்குநர் வானொலியில 'குஞ்சு பொரிச்சாச்சு'ன்னு நாட்டுக்கே சொல்லிட்டார்."

"அப்போ?" தலைவரின் குரல் எங்கிருந்தோ வந்தது.

"இயக்குநர் முகத்துக்கு நேரே குறை சொல்ற அளவுக்கு எங்க வீட்ல என்னை வளர்க்கல." மதாம் பையிலிருந்து ஒரு பதக்கத்தை எடுத்தார். "உரிமம் உங்களுக்குத்தான். இது 'சிறந்த தாய்'க்கு."

திமோத்தே முகத்தில் வரப்பார்த்தது வருவதற்குள் கைதட்டல் வந்துவிட்டது. அவர் நிமிர்ந்தார். "குஞ்சுங்க ரொம்பச் சின்னதுங்க மதாம்" என்றார். "கண்ணுக்கே தெரியாது."

எல்லோரும் பதக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் சுவாசாரா கூண்டைத் திறந்து, மெலிந்ததை ஒரு குச்சியில் ஏற்றிக்கொண்டுபோய்ச் செம்பருத்தி வேலியில் விட்டாள்.

மதாம் படமெடுக்கத் திரும்பினார். "தாய் எங்கே?"

தொம்போ முன்னால் வந்து மன்னிப்புக் கேட்டான். "மகப்பேறு விடுப்புல போயிருக்காங்க மதாம்."

"யார் அனுமதிச்சது?"

தலைவர் வேலியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்தினார். "நான்தான்."

பதக்கத்தைக் கூண்டுக் கம்பியில் மாட்டினார்கள். உள்ளே தனியாக இருந்த 'கணவன்' அதை நக்கிப் பார்த்தது.

வேலியில் அந்தப் பிராணி ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து ஏறியது. எங்களைவிட்டு விலக விலக அதன் கறுப்பு கரைந்து, விலாவில் பச்சை திரும்பிக்கொண்டிருந்தது. எல்லாம் தெரிந்த நாங்கள் முற்றத்தில் நின்று கைதட்டிக்கொண்டே இருந்தோம். எங்கள் ஒருவர் தோலிலும் ஒரு மாற்றமும் இல்லை.