சிவக்கொழுந்து ஜீப்பைத் துறந்த வரலாறு

நகரத்து மக்கள் எளிமையாக வாழப் பழகவேண்டும் என்று கொழும்பிலே முடிவெடுத்தார்கள். யாழ்ப்பாணம் ஒரு நகரம். ஆகவே யாழ்ப்பாணத்தாரும் எளிமையாக வாழப் பழகவேண்டும். இதற்கென்று எளிய வாழ்க்கை ஊக்குவிப்புத் திணைக்களம் ஒன்று தோன்றி, பட்டணத்தில் ஒரு கந்தோரையும் திறந்து, அதற்குள் அருட்பிரகாசம் என்ற உதவிப் பணிப்பாளரையும் இருத்தியது.

திணைக்களத்தின் கொள்கை சுருக்கமானது. காரை விட்டுச் சைக்கிளுக்கு மாறுக. கடைச் சாப்பாட்டை விட்டு வீட்டுச் சமையலுக்கு மாறுக.

சண்டையும் பொருள்தடையுமாக, யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் விட்டு வருடக்கணக்காகியிருந்தது. டாக்குத்தரும் சைக்கிளில் போனார், நோயாளியும் சைக்கிளில் போனார், கலியாணம் முடித்த மாப்பிள்ளையும் பொம்பிளையைச் சைக்கிளில்தான் ஏற்றிக்கொண்டு போனார். கோதுமை மா இல்லாமல் சாப்பாட்டுக்கடைகள் பலகை போட்டுப் பூட்டியிருந்தன. வளவில் முளைத்ததை வீட்டில் அவித்துத் தின்றார்கள். அப்படியென்றால் அந்தக் கந்தோருக்கு வேலையே இருந்திராதே என்று நினைப்பவர்கள் கந்தோர்களை அறியாதவர்கள்.

அங்கே கூட்டித் துடைத்துத் தேத்தண்ணி போடும் வேலை நீர்வேலிச் சிவக்கொழுந்துக்கு. நிரந்தரமில்லாத வேலை. ஆனால் கவலைப்படுவதில் அவளுக்கு நிரந்தர நியமனம் இருந்தது. காற்றடித்தால் வாழை சரியும் என்று கவலை, அடிக்காவிட்டால் என்னத்துக்கு அடிக்கவில்லை என்று கவலை. புருசன் சோமசேகரத்துக்கு முட்டு வருத்தம், மூச்சு இழுக்கும். பாரம் தூக்க ஏலாது. விடியமுன்னம் எழும்பிக் குரக்கன் பிட்டவித்து, வாழைப்பொத்தி வறை வறுத்து, சைக்கிளின் இரண்டு பக்கமும் வாழைக்குலை கட்டி, சந்தையில் இறக்கிவிட்டுக் கந்தோருக்கு வருவாள். பின்னேரம் புருசனுக்கு மருந்து வாங்கிக்கொண்டு போவாள். சைக்கிள் நின்றால் வீடே நின்றுபோகும்.

ஒருநாள் அருட்பிரகாசம் எல்லாரையும் கூப்பிட்டுச் சுற்றுநிருபம் ஒன்றை வாசித்தார். ஒவ்வொரு கந்தோரும் தன் உத்தியோகத்தரில் 'மாறியவர்' ஒருவரைக் காட்டவேண்டும். கொழும்பிலிருந்து மேலதிகாரி கப்பலில் வந்து நேரில் பார்ப்பார். மாறியவர் இல்லாத கந்தோர் மூடப்படும்.

"நாங்கள் எல்லாருமே சைக்கிளிலைதானே வாறம், சேர்," என்றார் பிரதம லிகிதர் பஞ்சலிங்கம்.

"அதுதான் ஐசே பிரச்சினை. ஏற்கெனவே சைக்கிளிலை வாறவனை என்னண்டு சைக்கிளுக்கு மாத்துறது? மாறுறதுக்கு முதல் ஒரு வாகனம் வேணும்."

கந்தோரின் பின்பக்கத்தில் ஒரு ஜீப் நின்றது. நின்றது என்பதைவிட, நாலு கல்லின்மேல் இருந்தது என்பது சரி. அதன் ரயர்கள் செருப்புகளாகி ஊரெல்லாம் நடந்துகொண்டிருந்தன. முன்சீற்றில் பக்கத்து வீட்டுக் கோழி அடை கிடந்தது.

"ஆருக்குக் குடுக்கிறது?" என்றார் பஞ்சலிங்கம். "எனக்கு வேண்டாம் சேர். ஜீப் எண்டு கேள்விப்பட்டால் மனுசி நயினாதீவுக் கோயிலுக்குப் போவம் எண்டு வெளிக்கிட்டு நிப்பா."

"நான் மாறினால் மேற்பார்வை செய்ய ஆளில்லை," என்றார் அருட்பிரகாசம்.

அந்த நேரம் பார்த்துச் சிவக்கொழுந்து தேத்தண்ணித் தட்டோடு உள்ளே வந்தாள்.

"எனக்கு ஜீப் ஓடத் தெரியாது, சேர்," என்றாள், விசயத்தைக் கேட்டதும்.

"ஜீப்புக்கும் ஓடத் தெரியாது. நல்ல பொருத்தம்," என்றார் அருட்பிரகாசம்.

ஜீப் அவளுக்கு முறைப்படி ஒதுக்கப்பட்டது. உத்தியோக வாகனம் பெற்றவர் சொந்த வாகனத்தில் கந்தோருக்கு வருதல் ஆகாது என்று ஒரு விதி இருந்ததால், சைக்கிள் களஞ்சிய அறைக்குள் போய்ப் பூட்டப்பட்டது.

"அப்ப நான் வீட்டை என்னண்டு போறது, சேர்?"

"உமக்குத்தான் ஜீப் தந்திருக்கே."

"அதுக்குச் சில்லு இல்லையே."

"அது பராமரிப்புப் பிரிவின்ரை விசயம். ஒதுக்கீட்டிலை ஒரு குறையுமில்லை."

சிவக்கொழுந்து நீர்வேலிக்கு நடந்தாள். அடுத்தநாள் நீர்வேலியிலிருந்து நடந்து வந்து, ஜீப்பின் பின்சீற்றில் சிறிது நேரம் கோழியோடு இருந்துவிட்டு, இறங்கிக் கந்தோருக்குள் போனாள். வாகனத்தில் வந்ததாக அப்படித்தான் கொள்ளப்பட்டது.

மத்தியானம் இன்னொரு சிக்கல் வந்தது. வீட்டுச் சமையலுக்கு இனிமேல்தான் மாறப்போகிறவள் இப்போதே பிட்டுப் பார்சலை அவிழ்த்தால் எப்படி? அருட்பிரகாசமும் பஞ்சலிங்கமும் நிர்வாக நலன் கருதி அதை ஆளுக்குப் பாதி தின்றார்கள். அவள் கடைச் சாப்பாட்டுக்குப் போய், பூட்டிய கடையின் வாசலில் குந்தியிருந்துவிட்டு வந்தாள்.

"பொத்தி வறைக்குக் கொஞ்சம் உப்புக் கூட, அக்கா," என்றார் பஞ்சலிங்கம். "நாளைக்குப் பாத்துப் போடுங்கோ."

வீட்டில் குலைகள் பழுத்துக் கிடந்தன. வௌவால் வந்தது. அயலட்டைக்குக் கொடுத்தும் மிஞ்சியது.

"இஞ்சாரும், பழமெல்லாம் வெடிக்குது," என்றார் சோமசேகரம், மூச்சு இழுத்து இழுத்து. மருந்து முடிந்து இரண்டு நாள். அவள் நடந்து போய்ச் சேரமுன்னம் மருந்துக்கடை பூட்டிவிடும்.

"நான் என்ன செய்ய? நான் இப்ப ஜீப்காரி."

"ஜீப் குடுத்த சனம் ஒரு சில்லையாவது தந்திருந்தால் உருட்டிக்கொண்டாவது வந்திருப்பீர்."

பிறகு சைக்கிள் பயிற்சி வந்தது. பயிற்றுநர் அருட்பிரகாசம், படம் எடுக்கப் பஞ்சலிங்கம். முதல்நாளே சிவக்கொழுந்து ஏறி மிதித்து, முற்றத்தை ஒருதரம் சுற்றி, ஒரு கையால் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"உப்பிடி ஓடினால் என்ர பயிற்சிக்கு என்ன மரியாதை? கொஞ்சம் விழும் பாப்பம்," என்றார் உதவிப் பணிப்பாளர்.

விழுந்தாள். வடிவாக விழவில்லை என்று இன்னொருக்கால் விழுத்தினார்கள். படம் எடுத்து முடிந்ததும் சைக்கிள் திரும்பக் களஞ்சிய அறைக்குள் போனது.

மேலதிகாரி வருகிற அன்று பஞ்சலிங்கம் அவளை அடுப்படிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "அக்கா, வாறவர் உங்களிட்டைக் குறை கேப்பார். ரயர், ரியூப், மண்ணெண்ணெய் இல்லையெண்டு சொல்லுங்கோ. போன வரியம் கேட்டு எழுதினதுக்கு இன்னும் மறுமொழி இல்லை. எங்கடை ரியூப் எல்லாம் ஒட்டுக்கு மேலை ஒட்டு. ஒட்ட இனி இடமில்லை."

அருட்பிரகாசம் அவளை வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "குறை சொல்லுற ஆளை மாறினவர் எண்டு என்னண்டு காட்டுறது? நீர் சந்தோசமாய் நிக்கவேணும். நிண்டால் இண்டைக்கே களஞ்சியத் திறப்பு உம்மடை கையிலை. இல்லையெண்டால் இன்னொரு மாசம் ஜீப்தான்."

மேலதிகாரி இராசநாயகம் கப்பலில் வந்த களை தீராமல் வந்தார். ஆனால் சிவக்கொழுந்தோடு கதைக்கக் கதைக்க முகம் மலர்ந்தது.

"எதிலை சமைக்கிறீங்கள், அம்மா?"

"தென்னம்மட்டை, பன்னாடை, காவோலை. அம்பிட்டது."

"அருமை. இரவிலை?"

"ஜாம் போத்தலுக்குள்ளை திரி போட்டு ஒரு விளக்கு."

"கொழும்பிலை இப்ப பெரிய இடத்து ஆக்கள் சனிக்கிழமையிலை லைற்றை நூத்துப்போட்டு மெழுகுதிரி வெளிச்சத்திலைதான் சாப்பிடினம். அதுக்கெண்டு கிளப் வைச்சு, சேருறதுக்கு வரிசையிலை நிக்கினம். நீங்கள் ஒவ்வொருநாளும் செய்யிறீங்கள்." அவர் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். "தேத்தண்ணிக்குச் சீனி?"

"சீனி எங்கை? பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு குடிக்கிறதுதான்."

"அதையும் விட்டாச்சோ. ஜீப்பை விட்டதிலை மனவருத்தம் இல்லையோ?"

"ஜீப்பிலை இல்லை. குஞ்சு பொரிக்கிற நேரம், அந்தக் கோழியை விட்டிட்டு வாறதுதான்."

அருட்பிரகாசம் இருமினார்.

"கடைசியாய் ஒண்டு. உங்களுக்கு ஏதும் குறை இருக்கோ?"

இராசநாயகத்தின் முதுகுக்குப் பின்னால் பஞ்சலிங்கம் இரண்டு கையாலும் வட்டம் வட்டமாகக் காட்டினார். மற்ற லிகிதர்களும் காட்டினார்கள். அருட்பிரகாசம் ஒன்றும் காட்டவில்லை. களஞ்சிய அறைப் பூட்டின் திறப்பை மட்டும் விரலில் கொழுவிச் சுழற்றிக்கொண்டிருந்தார். சிவக்கொழுந்துக்குப் புருசனின் இழுப்புக் காதுக்குள் கேட்டது.

"ஒரு குறையுமில்லை, ஐயா."

அன்று பின்னேரம் மருந்துப் போத்தலை ஹாண்டிலில் கட்டிக்கொண்டு அவள் மிதித்த மிதியில், கோப்பாய் வரைக்கும் ஒருவரும் அவளை முந்தவில்லை.

சில வாரங்களில் கொழும்பிலிருந்து மறுமொழி வந்தது. உதவிப் பணிப்பாளர் எழும்பி நின்று வாசித்தார். "தங்கள் பிரதேசத்து மக்கள் எளிய வாழ்க்கையைத் தாமே விரும்பி ஏற்று யாதொரு குறையுமின்றி வாழ்வதை நேரில் கண்டறிந்து பெருமகிழ்வுறுகிறோம். இந்நிலையில் ரயர், ரியூப், மண்ணெண்ணெய் என்பவற்றை அனுப்பி அன்னாரின் கொள்கைக்குப் பங்கம் விளைவிக்க இத்திணைக்களம் விரும்பவில்லை. கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது."

எல்லாரும் சிவக்கொழுந்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்ல வேலை பாத்தியள், அக்கா," என்றார் பஞ்சலிங்கம். "ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் காணும்."

"நீங்களும் அங்கைதானே தம்பி நிண்டனீங்கள். வாய் இருந்ததுதானே. ஏன் கையாலை கதைச்சனீங்கள்?"

பஞ்சலிங்கம் இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

மாரி தொடங்க, ரியூப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. முதலில் போனது சிவக்கொழுந்தினுடையது, குலைப் பாரம். பிறகு லிகிதர்களுடையவை. இந்த வேளையில் அடுத்த சுற்றுநிருபம் வந்தது. எளிய வாழ்க்கையின் இரண்டாம் படியாக, சைக்கிளை விட்டு நடைக்கு மாறியவர் ஒருவரை ஒவ்வொரு கந்தோரும் காட்டவேண்டும்.

இந்தமுறை ஆள் தேடவேண்டியிருக்கவில்லை. கந்தோர் முழுவதும் தகுதி பெற்றிருந்தது. இந்த நற்செய்தியை மேலிடத்துக்கு உடனே அறிவிக்கவேண்டும் என்பதற்காக, உதவிப் பணிப்பாளர் அருட்பிரகாசம் அடுத்தநாள் விடியவே கோண்டாவில் வீட்டிலிருந்து கந்தோருக்கு நடக்கத் தொடங்கினார்.