வெசாக்கில் விராலுக்குப் போனது

மீனுக்கு ஞாபகசக்தி கிடையாது என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் கரையில் நின்று தூண்டில் போட்டதில்லை. ஒரே குளத்துக்கு நான்கைந்து தடவை போய், வெறுங்கையோடு திரும்பிப் பாருங்கள். அடுத்த தடவை நீங்கள் வரும்போது தண்ணீருக்கடியில் உங்களை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பெரிய மீன்கள் சின்ன மீன்களுக்கு உங்களை அடையாளம் காட்டும் என்றுகூட நினைக்கிறேன். (“அதோ வந்துட்டாரு பாரு. பயப்படாத, கடிக்க மாட்டாரு.”)

இந்த அவமானத்துக்குள் நான் இறங்கியது என் அக்காவுக்காக.

அக்காவுக்கு முதல் பிள்ளை உண்டாகியிருந்தது. மசக்கை என்றால் அப்படி ஒரு மசக்கை. சோற்று வாசனை ஆகாது, பருப்பு கொதித்தால் ஆகாது, தேங்காய் திருவும் சத்தமே ஆகாது. பசறையில் அவள் குடியிருந்த வீட்டு அடுப்பங்கரைக் கதவை மூடியே வைத்திருந்தார்கள். கிளினிக்கில் நர்ஸ் மிஸ் ஒவ்வொரு முறையும் எடை பார்த்துவிட்டு, “என்னம்மா இது, பிள்ளை வளருது, நீ தேயிறே” என்று சத்தம் போட்டார். அக்கா அழுதுகொண்டு வந்தாள். அவளுக்குத் துணையாக வந்திருந்த அம்மா அவளைப் பார்த்து அழுதார். மச்சான் ஆட்டோக்காரர், அதனால் வெளியே போய் ஆட்டோவைத் துடைத்தார். அந்த மாதங்களில் பசறையிலேயே சுத்தமான ஆட்டோ அவருடையதுதான்.

ஒருநாள் அம்மா கெஞ்சினார். “எதையாச்சும் சொல்லுடி, எது வாய்க்குப் புடிக்கும்?”

அக்கா கண்ணை மூடியபடியே சொன்னாள். “விரால் மீனு.”

மொனராகலையில் மச்சானின் சித்தி வீட்டில், கல்யாணம் ஆன புதிதில் விருந்துக்குப் போனபோது சாப்பிட்ட விரால் குழம்பு திடீரென்று அவள் நினைவுக்கு வந்திருந்தது. மச்சான் உடனே போனை எடுத்தார். “சித்திகிட்ட சொன்னா அனுப்பி விட்டுரும்.”

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் பட்டம் வாங்கி, பதுளையில் டியூஷன் வகுப்பில் கணக்குப் படிப்பித்துக்கொண்டு, எதையும் இரண்டு வீடியோ பார்த்தால் கற்றுக்கொள்ளலாம் என்று நம்பிக்கொண்டிருந்த வயது.

“சித்தி எதுக்கு? தாய்மாமன் நான் இருக்கேன்ல? நானே புடிச்சுக் கொண்டாறேன்.”

அக்கா கண்ணைத் திறந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் நம்பிக்கை இருந்தது. 

அன்று இரவே வீடியோ தேடினேன். ஏரிக்கரையில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர், பேசிக்கொண்டே மீனாகத் தூக்கிக்கொண்டிருந்தார். அவர் பேசிய ஆங்கிலம் வேகமாக இருந்ததால் கீழே தமிழ் மொழிபெயர்ப்பை ஓட விட்டேன். ‘கரையில் இருந்து விரால் பிடிப்பது எப்படி’ என்று வந்தது. சந்தோஷத்தில் எழுந்து உட்கார்ந்தேன். அந்த மீனுக்குக் கண் பெரிதாகப் பளபளவென்று இருந்தது, உடம்பு மஞ்சளாக இருந்தது. நம் ஊர் விரால் அப்படி இல்லையே என்று ஒரு கணம் தோன்றியதுதான். வெளிநாட்டில் சாப்பாடு நல்லது, அதனால் அப்படி இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் வீடு மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று. ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, கீழே ஒரு குளம் உண்டு. பதுளையில் வாங்கிய தூண்டில் கம்போடு அங்கே போனேன். வெள்ளைக்காரர் சொன்னபடி பொழுது சாய்கிற நேரம் பார்த்து, கல் கிடக்கிற பக்கமாக வீசி, தூண்டிலைத் தரையை ஒட்டி மெதுவாக இழுத்தேன். உடனே கனமாக மாட்டியது! கம்பு வளைந்தது.  ‘அவசரப்படாதீர்கள், மீனோடு பேசுங்கள்’ என்று வெள்ளைக்காரர் சொல்லியிருந்தார். பேசினேன். இருட்டும் வரை பேசினேன். அது பாறை.

அடுத்த நாள் இன்னொரு பாறை. அதற்கடுத்த நாள் அதே பழைய பாறை.

மாலை சரிவரவில்லை, விடியற்காலை போகலாம் என்று மாற்றினேன். அது அதைவிடப் பெரிய தவறு. விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிறவர்கள், அதாவது அன்றைய வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்குப் போகிற கொழுந்துக்காரப் பெண்கள், எல்லோரும் குளத்து மேட்டு வழியாகத்தான் போவார்கள். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு வரிசையாக நின்று பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து ஏதோ மாட்டியது. இழுத்தேன். வந்தது ஒரு பழைய உரச் சாக்கு.

“ஐயோ, சார் உரம் புடிச்சிட்டாரு!” என்றார் எங்கள் லயத்து மாரியாயி அக்கா. “தொரைகிட்ட சொல்லுங்கடி, இந்த வருசம் உரத்துக்குப் பஞ்சமில்ல.”

“விரால் புடிக்கிறேங்க்கா, அக்காவுக்கு” என்றேன் விறைப்பாக.

“அதுக்கு எத்தன நாளாய்யா நிக்கிறே? வெறும் கையோட போனா ஒனக்கு அரைப்பேரு கூட விழாது.”

கொழுந்து நிறை குறைந்தால் அரை நாள் சம்பளம்தான் எழுதுவார்கள், அதுதான் அரைப்பேரு. அன்றிலிருந்து லயத்தில் யாரும் எனக்கு வணக்கம் சொல்லவில்லை. வேலை முடிந்து நான் பஸ்ஸில் வந்து இறங்கினால், “என்ன சார், இன்னிக்கு முழுப்பேரா, அரைப்பேரா?” என்றுதான் கேட்டார்கள். என்னிடம் கணக்குப் படிக்கிற பிள்ளைகள்கூடக் கேட்டார்கள். ஒரு மனிதன் பல்கலைக்கழகம் வரை படித்ததெல்லாம் இதற்குத்தானா என்று குளத்து மேட்டில் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். அந்த நேரத்திலும் நூல் சிக்கிக்கொண்டது.

ரோஷத்தை விட்டு ஒருநாள் பதுளைச் சந்தைக்குப் போனேன். “விராலா? வந்தா சொல்றேன் தம்பி” என்றார் மீன்காரர். சித்திக்கும் மச்சான் திருட்டுத்தனமாகப் போன் பண்ணியிருக்கிறார். அங்கேயும் கிடைக்கவில்லையாம். இதற்கிடையே ஒவ்வொரு ஞாயிறு இரவும் அக்கா போனில் மெல்லக் கேட்பாள், “தம்பி, ஏதாச்சும் பட்டுச்சா?” என்று. குரல் வரவர மெலிந்துகொண்டே போனது. “பெருசு ஒண்ணு வந்து தப்பிருச்சுக்கா” என்பேன். (பாறையை வேறு எப்படிச் சொல்வது?)

கடைசியில் அந்த வெள்ளைக்காரருக்கே வீடியோவின் கீழ் எழுதினேன். நீங்கள் சொன்னதையெல்லாம் செய்கிறேன், ஒன்றும் மாட்டவில்லை, என்ன குறை? மறுநாள் பதில் வந்தது. எந்த ஏரி? பெருமையாக மடுல்சீமை, ஸ்ரீலங்கா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுதியிருந்தார்: நண்பரே, இது வோல்ஐ மீன். குளிர் நாட்டு மீன். உங்கள் பக்கத்திலேயே கிடையாது.

‘வோல்ஐ’ என்பதை அந்த மொழிபெயர்ப்பு எந்திரம் ‘விரால்’ என்று மொழிபெயர்த்திருக்கிறது. நானோ வேறொரு கண்டத்து மீனுக்கு மடுல்சீமையில் தூண்டில் போட்டிருக்கிறேன். நம் விரால் அதற்கு நேர்மாறு என்று அப்புறம்தான் படித்துப் பார்த்தேன். அது பாறைப் பக்கம் போகாது, புல்லும் தாமரையும் மண்டிய இடத்தில், வெயில் தண்ணீரில், மேலே வந்து மூச்சு விடும். தவளை என்றால் பாயும். மலைக்கு மேலே குளிர்ந்து கிடக்கும் எங்கள் குளத்தில் அதன் வாசனைகூட இல்லை.

உடனே ரப்பர் தவளை ஒன்று வாங்கினேன். பச்சை நிறம், பின்னங்காலுக்குப் பதில் ரப்பர் நூல் குஞ்சம், முதுகில் இரண்டு தூண்டில் முள். மொனராகலைப் பக்கம் போகும் வழியில் தாமரைக் குளம் ஒன்று இருப்பதாக மச்சான் சொன்னார். எனக்கு விடுமுறை கிடைப்பது எப்போது? டியூஷன்காரனுக்குச் சனி ஞாயிறு கிடையாது. போயா என்கிற பௌர்ணமி விடுமுறை அன்றுதான் கிடைக்கும். வரப்போகிற போயா, வெசாக்; புத்தர் பிறந்த நாள், உயிர் எதையும் கொல்லாத நாள்.

“மாப்ள, வெசாக் அன்னிக்கு மீனு புடிக்கிறது...” என்று மச்சான் இழுத்தார்.

“எல்லாரும் பன்சலைக்குப் போயிருவாங்க மச்சான். கொளத்துல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க” என்றேன். இதை நான் தர்க்கம் என்று நினைத்தேன்.

பன்சலைக்கு, அதாவது புத்த கோயிலுக்கு, போகிற பாதையே அந்தக் குளக்கட்டுதான். வெள்ளை உடுத்து, கையில் பூத்தட்டோடு ஊரே எங்களைக் கடந்து போனது. நாங்கள் இருவரும் கம்பும் ரப்பர் தவளையுமாக நின்றோம். ஒரு வயதான அம்மா நின்றார். கோபமே இல்லாமல், ரொம்பவும் வருத்தப்பட்டு, “அனே புத்தே, அத வெசாக் நேத?” என்றார். ஐயோ மகனே, இன்றைக்கு வெசாக் இல்லையா என்று.

“புடிக்கலம்மா, சும்மா போட்டுப் பாக்குறான்” என்று மச்சான் சிங்களத்தில் சமாளித்தார். அவர் அதைப் பொய் என்று நினைத்துச் சொன்னார். பாவம்.

அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அவசரமாக வீசினேன். தவளை பின்னால் இருந்த புதரில் மாட்டியது. கம்பைப் பலமாகச் சுண்டினேன். புதர் விட்டுவிட்டது. தவளை விசுக்கென்று பறந்து வந்தது. இடது காதில் யாரோ நெருப்பு வைத்ததுபோல இருந்தது.

“அசையாத மாப்ள” என்றார் மச்சான். கிட்டே வந்து காதைப் பார்த்தார்.

“ஏறிருச்சா?”

“நல்லா ஏறிருக்கு.” நூலைக் கையில் பிடித்துக்கொண்டு, “இவ்வளவு நாள்ல மொத தடவையா மாட்டிருக்கு” என்றார்.

முள்ளுக்கு எதிர்முள் இருப்பதால் பின்னால் இழுக்க முடியாது. நூலை அறுத்துவிட்டு, காதில் தொங்கும் தவளையோடு ஆட்டோவில் ஏறினேன். அப்போதுதான் வெசாக் தன் முழு பலத்தையும் காட்டியது. சந்திக்குச் சந்தி தன்சல். கொடியை ஆட்டி வண்டியை மறித்து, இலவசமாகச் சாப்பாடும் பானமும் கொடுக்காமல் விடமாட்டார்கள். ஒரு சந்தியில் கொத்தமல்லித் தண்ணீர், அடுத்ததில் அவித்த மரவள்ளிக்கிழங்கு, அதற்கடுத்ததில் ஐஸ்கிரீம். கப்பை நீட்டியபடி ஆட்டோவுக்குள் குனிந்த ஒருவர் அப்படியே நின்றார்.

“மே மொகத?” இது என்ன?

“கெம்பா” என்றார் மச்சான், அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. தவளை.

அவர் திரும்பி, தவளைக்கும் ஒரு கப் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தார்கள்.

பசறையில் அக்கா வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. “நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க மச்சான்!” என்று கத்தினேன். “ஒங்க அக்காகிட்ட சொல்லாம கூட்டிட்டுப் போனா எனக்கு ரெண்டு காதும் இருக்காது” என்றார்.

அக்கா வாசலுக்கு வந்தாள். சேலைக்குள் ஆள் இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவுக்கு மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், காற்றில் குஞ்சம் ஆடும் தவளையைப் பார்த்தாள். முதலில் வாயைப் பொத்தினாள். பிறகு கதவைப் பிடித்தாள். பிறகு முடியாமல் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. நிறுத்துவாள், தவளை ஆடும், மறுபடி ஆரம்பிப்பாள். எத்தனையோ நாளாக அந்த வீட்டில் கேட்காத சத்தம் அது.

சிரித்து ஓய்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். “அம்மா, பசிக்குது.”

அம்மா அடுப்பங்கரைக்கு ஓடினார். வெசாக் நாளில் மீன்கடை ஏது, இறைச்சிக்கடை ஏது? அலுமாரியில் கிடந்த டின்மீன் ஒன்றை உடைத்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, காலையில் வடித்த சோற்றோடு கொண்டுவந்து வைத்தார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அக்கா ஒரு வாய் வைத்தாள். என்னைப் பார்த்தாள். சிரித்தாள். இன்னொரு வாய் வைத்தாள்.

“அம்மா, காது வலி உயிர் போகுது, நாங்க கிளம்புறோம்” என்றேன்.

“இருடா!” என்று பல்லைக் கடித்தார் அம்மா. “அவ தின்னு முடிக்கட்டும். நீ போனா நிறுத்திப்புடுவா.”

ஆகவே உட்கார்ந்தேன். அக்காவுக்கு எதிரே, அவள் கண்ணில் படும்படி, இடது பக்கம் திரும்பி. அவள் வேகம் குறையும்போதெல்லாம் மச்சான் கண் காட்டுவார், நான் தலையை ஆட்டுவேன், தவளை குதிக்கும். இரண்டாவது தடவையும் சோறு போட்டுச் சாப்பிட்டாள். அன்றைக்குப் பிறகு அவளுக்குச் சாப்பாடு தங்க ஆரம்பித்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் முள்ளை முன்பக்கமாகத் தள்ளி, மச்சானின் ஆட்டோவில் இருந்த கம்பி வெட்டும் குறடு ஒன்றையே வாங்கி மருந்தில் கழுவி, நுனியை வெட்டி எடுத்தார். ஊசி போட்ட நர்ஸ் மிஸ் கேட்டது ஒரே கேள்வி. “மீனு கெடச்சுச்சா தம்பி?” எனக்குக் காது பழுத்துச் சீழ் வடிந்து ஆற நாளானது. “மசக்கைக்காரி கேட்டது கெடைக்காட்டி பிள்ளைக்குத்தான் காதுல சீழ் வடியும்பாங்க. நல்லவேளை, மாமனோட போச்சு” என்று அம்மா சாமிக்கு விளக்கு வைத்தார்.

அக்கா மகள் நல்ல எடையோடு பிறந்தாள். இப்போது நர்சரிக்குப் போகிறாள். போன மாதம் அவளைக் கூட்டிக்கொண்டு பசறையில் பலசரக்குக் கடைக்குப் போனேன். கடைக்காரரின் மேசைக்கு மேலே தலையை எட்டி வைத்து, கணீரென்று கேட்டாள்.

“அங்கிள், மாமா புடிச்ச மீனு ஒண்ணு குடுங்க.”

கடை நிறைய ஆள். கடைக்காரர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நேரே டின்மீன் அடுக்கியிருந்த தட்டுக்குத் திரும்பி, கையை நீட்டியபடி என்னைக் கேட்டார்.

“சின்னதா, பெருசா தம்பி?”

வேறு என்ன செய்ய? தூண்டில் போடுகிறவன் எவனும் செய்வதைச் செய்தேன். இரண்டு கையையும் முடிந்த மட்டும் விரித்துக் காட்டினேன்.