வானிலை மேஸ்திரி போட்ட மழை வேஷம்

மரக்காணம் உப்பளங்களில் மழையை விரல் நீட்டி மிரட்டிய மனிதர் ஒரே ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவர் வானிலை மேஸ்திரி. பாதிப் பேச்சை நம்மிடமும் மீதியை வானத்திடமும் பேசுவார். உப்பு வாரும் மாதங்களில் 'மழை' என்ற சொல்லே அவர் காதில் விழக் கூடாது. 'அது' என்றுதான் சொல்ல வேண்டும். டீக்கடை ரேடியோவில் வானிலை அறிக்கை ஆரம்பித்தால், "உன்ன யாருடா கேட்டா?" என்று திட்டிவிட்டு எட்டி அணைப்பார். வாய் தவறிச் சொன்னவர்கள் பாத்தித் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். நாளைக்கு உப்பாகப் போகிற தண்ணீர் அது. நானே நாலு முறை கொப்பளித்திருக்கிறேன்.

2005 கோடையில் அவரிடம் மாட்டினேன். அப்போது வானூரில் ஒரு சின்ன நாடகக் குழுவில் எனக்கு வேலை. ஜப்பானிலிருந்து கென், பிலிப்பைன்ஸிலிருந்து லீசா என்று இரண்டு நாடகக் கலைஞர்கள் வந்திருந்தார்கள். கையில் கதை கிடையாது. உப்பளத்துப் பெண்களோடு உட்கார்ந்து, அவர்கள் வாழ்க்கையை அவர்களோடு சேர்ந்தே நாடகமாக்குவது என்று ஏற்பாடு. இடையஞ்சாவடியில் ரூம், தலைக்குத் தொப்பி, காரமில்லாத குழம்பு, மொழிபெயர்ப்பு எல்லாம் என் தலையில். அந்தப் பெண்கள் அத்தனை பேரும் மேஸ்திரியின் ஆட்கள். அவர் தலையாட்டினால்தான் நாடகம்.

முதல் நாள் கென் நேராக மேஸ்திரியிடம் போய், இடுப்பு வளையக் கும்பிட்டு, வழியெல்லாம் மனப்பாடம் செய்த தன் முதல் தமிழ் வாக்கியத்தைச் சொன்னார்.

"ஐயா, இன்று மழை வருமா?"

உப்பு வாரும் பலகைகள் அப்படியே நின்றன. மேஸ்திரி கென்னின் கையைப் பிடித்துப் பாத்திக்குக் கூட்டிப்போனார். கென் முகம் சுளிக்காமல் மூன்று தடவை கொப்பளித்தார். நம் ஊர் நடிகர்கள் குரலைத் தயார் செய்யும் முறை இதுதான் என்று அவர் முடிவு செய்துவிட்டது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. ஒத்திகைக்கு வந்த எல்லோரையும் வரிசையாகப் பாத்தி ஓரம் நிறுத்திக் கொப்பளிக்க வைத்தார். மேஸ்திரி உருகிப்போனார்.

"தம்பி, ஜப்பான்காரரு எவ்ளோ ஒழுக்கம் பாத்தியா? நீயும் இருக்கியே!"

அதற்கப்புறம் அவரும் தினமும் ஒத்திகைக்கு விசில் ஊதி ஆள் கணக்கு எடுத்தார். ஒருநாள் தாமதமாக வந்த லீசாவைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார்.

எல்லாம் நன்றாகப் போனது, உப்பளத்துப் பெண்களில் ஒருத்தியான அஞ்சலை தன் கதையைச் சொல்லும்வரை. முந்தின வருஷம் சித்திரையில், ஒரு சாயங்காலம், பெண்கள் வாரிக் குவித்த உப்பு முழுக்கக் கரைந்து ஓடியது.

"கீத்து போட்டு மூடலாம்னுதான் இருந்தோம். யாரோ வராதுன்னு சொன்னாங்க. வூட்டுக்குப் போயிட்டோம். வந்துடுச்சு."

"யாரு சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"யாரோ" என்றாள் அஞ்சலை. மற்ற பெண்கள் அவரவர் கால் விரலைப் பார்த்தார்கள். மக்கு நான், அதோடு விட்டுவிட்டேன்.

இதுதான் நாடகம் என்று கென்னும் லீசாவும் துள்ளினார்கள். மேஸ்திரி எழுந்துவிட்டார்.

"சீசன்ல 'அது' வர்ற மாதிரி கூத்தா? ஆவாது."

"அது வரலன்னா என் கதையே இல்ல மேஸ்திரி. நான் நடிக்கல, போறேன்" என்று அஞ்சலையும் எழுந்தாள்.

இரண்டு நாள் ஒத்திகை இல்லை. கலைஞர்கள் ஊர் திரும்ப ஒரு வாரம்தான் இருந்தது. லீசா தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் மேஸ்திரியே வந்தார்.

"'அது'வா நான்தான் வருவேன். வேற எவனும் வரக்கூடாது. எனக்குத்தான் அத நிறுத்தத் தெரியும்."

லீசா பழைய குடைத் துணிகளைச் சேர்த்து அவருக்கு ஒரு கறுப்பு அங்கி தைத்தார். கென் ஒரு மூங்கில் குழாயில் கல்லுப்பைப் போட்டு இரண்டு பக்கமும் அடைத்தார். சாய்த்தால் மழைச் சத்தம் கேட்டது. மேஸ்திரி அதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "உப்புக்குள்ளயே இருந்திருக்குதே, திருட்டுப் பய!" என்றார்.

கடைசி நாள் மாலை, உப்புக் கொட்டகை முன்னால் ஊரே கூடியிருந்தது. மேடையில் வெள்ளை வேட்டி போர்த்தி உட்கார்ந்திருந்த லீசாதான் உப்புக் குவியல். மேஸ்திரி வந்து குழாயைச் சாய்க்கச் சாய்க்க, லீசா மெல்லத் தரையோடு தரையாகப் படுக்க வேண்டும்.

மேஸ்திரி வந்தார். குழாயைச் சாய்த்தார். சத்தம் கேட்டது. குவியலைப் பார்த்தார், நின்றுவிட்டார்.

"யோவ், உப்பக் கரைய்யா" என்று அஞ்சலை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது கடைசி வரிசைவரை கேட்டது. கூட்டம் சிரித்தது. வேட்டிக்குள் லீசா வியர்த்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி குழாயைக் கீழே வைத்தார். ஓரத்தில் கிடந்த கீற்றை எடுத்துவந்து லீசாவை மூட ஆரம்பித்தார். மழையே உப்புக்குக் கீற்று போடுவதைப் பார்த்து ஊர் விசிலடித்தது.

அஞ்சலை இடுப்பில் கை வைத்தாள். "மேஸ்திரி, என் கதையில உப்பு கரைஞ்சு போச்சு!"

"தெரியும்மா. அன்னிக்கு வராதுன்னு சொன்னது நான்தான. நான் மூடியிருக்கணும். இன்னிக்காவது மூடிக்கிறேன்."

விசில் நின்றது. ஒரு வருஷமாக 'யாரோ' என்றே சொல்லிவந்த அஞ்சலை தானும் ஒரு கீற்றைத் தூக்கினாள்.

"இந்தப் பக்கம் புடிங்க மேஸ்திரி. அந்தம்மா காலு நனையுது பாருங்க."

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது. கென் அழுதுகொண்டே போய்ப் பாத்தித் தண்ணீரில் வாய் கொப்பளித்தார்.

இப்போது வேறு ஊரில் இருக்கிறேன். இங்கே கோடையில் வானம் கறுத்தால் எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும், "அது வருது, துணியை எடு" என்றுதான் வீட்டில் சொல்கிறேன். மேஸ்திரி மனசு நோகக் கூடாது.