நிக்கலின் கற்பு

மனிதகுலம் இதுவரை எட்டிய அறிவின் சிகரம் எது என்று கேட்டால், சிலர் சந்திரனில் கால் வைத்ததைச் சொல்வார்கள். சிலர் அம்மைத் தடுப்பூசியைச் சொல்வார்கள். அடகுக்கடைக் கல்லாவுக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்த நான் அந்தத் தவறைச் செய்யமாட்டேன். பழைய நிக்கல் பூச்சுக் கைத்துப்பாக்கிக்கு விலை சொல்லும் கலைதான் அந்தச் சிகரம். அதன் உச்சியில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் எங்கள் டெல்பர்ட் கூன்ட்ஸ்.

ஒக்லஹோமாவில் எங்கள் ஊர்ச் சந்தை மண்டபத்தில் வருஷா வருஷம் நாலாயிரம் துப்பாக்கிகளோடு கண்காட்சி கூடும். அதை நடத்தும் துப்பாக்கி சேகரிப்போர் சங்கத்தின் 'இலவச மதிப்பீட்டுக் குழு'வுக்கு டெல்பர்ட் தலைவர். குழுவில் மொத்தம் மூன்று பேர். மூவருக்கும் வெள்ளைப் பருத்திக் கையுறை. பிரசவம் பார்க்கிற டாக்டர்கூட எதையும் அவ்வளவு பயபக்தியோடு கையில் வாங்கமாட்டார். அவர்களுடைய வேதம் சுருக்கமானது: பூச்சு உரிந்தால் விதி, மறுபடி பூசினால் பாவம், தேய்த்தால் மகாபாவம். அடுத்த மேசையில் வியாபாரம் செய்கிற பாக்கியத்தால் அந்த வேதத்தை நானும் ஓசியில் கற்றேன்.

இந்த வருஷம் சனிக்கிழமை மத்தியானம் நெல்டா என்கிற அம்மாள் வந்து, ஒரு ரொட்டிப் பையிலிருந்து துப்பாக்கியை எடுத்து மேசைமேல் வைத்தாள். கூடவே அவள் தம்பி ராய்ஸ், கையில் குச்சியில் குத்திய சாசேஜோடு.

"ஐயா, இது பத்து காசு பெறாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் பாட்டுக்குப் போயிடறேன்," என்றாள்.

என் காதை நான் நம்பவில்லை. சரக்கைக் கொண்டுவந்தவரே விலையைக் குறைக்கச் சொல்வதா? எங்கப்பா உயிரோடு இருந்திருந்தால் கடைக்கு ஒரு நாள் விடுமுறை விட்டிருப்பார்.

ராய்ஸ் விளக்கினான். "கார்ல வரும்போதே பேசி முடிச்சிட்டோம் சார். ஐந்நூறு டாலருக்கு மேல போச்சுன்னா வித்து ஆளுக்குப் பாதி. கீழ போச்சுன்னா அக்கா இஷ்டம்."

"உங்க இஷ்டம் என்னம்மா?" என்றார் டெல்பர்ட்.

"சம்மட்டியால அடிச்சு நொறுக்கறது."

குழு உறுப்பினர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"போன மாசம் என் பையன் இதை எடுத்துக்கிட்டு கார் ஷெட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டான். கதவை உடைச்சுப் பிடுங்கினேன். அவன் இப்ப தேறிட்டான். இது இன்னும் வீட்டுல கிடக்கு."

டெல்பர்ட் ஆழ்ந்த அனுதாபத்தோடு தலையை ஆட்டினார். "பிடுங்கும்போது இதுல கீறல் ஏதும் விழலையே?"

நெல்டா துப்பாக்கியை அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு பேரத்தில் இறங்கினாள், எதிர்த்திசையில். "குழல் முனையில பாருங்க, பூச்செல்லாம் சொறி பிடிச்ச மாதிரி உரிஞ்சிருக்கு."

"ஒரிஜினல்!" டெல்பர்ட் பூதக்கண்ணாடியை இறக்கினார். "எழுத்து ஒண்ணுகூட மழுங்கல. யாரும் தேய்க்கல, யாரும் மறுபடி பூசல. எழுநூறு."

"கைப்பிடில விரிசல்."

"கூடவே பொறந்த கைப்பிடி! எண்ணூறு."

"சொல்லுக்கா, இன்னும் குறை சொல்லு," என்று ராய்ஸ் உற்சாகப்படுத்தினான்.

நெல்டா தன் கடைசி ஆயுதத்தை எடுத்தாள். "இது ஆளைக் கொன்ன துப்பாக்கிங்க."

மூன்று நாற்காலிகளும் ஒரே சமயத்தில் முன்னால் நகர்ந்தன. "யாரை?"

"எங்க தாத்தாவை. டாமினோ ஆடும்போது தகராறு. கூடப் பொறந்த தம்பியே இதைப் பிடுங்கிச் சுட்டுட்டாரு."

"அண்ணன் தம்பி! ஒரே குடும்பம், கைமாறாத உடைமை!" டெல்பர்ட் குரல் தழுதழுத்தது. "பத்திரிகைல வந்துச்சா?"

"வந்துச்சு சார், நான் கத்தரிச்சே வச்சிருக்கேன்," என்றான் ராய்ஸ்.

"மூவாயிரம். தாத்தா என்ன உத்தியோகம்?"

"தபால்காரர்," என்றாள் நெல்டா.

"அடடா. போலீஸ் ஷெரீப்பா இருந்திருந்தா பதினஞ்சாயிரம் சொல்லியிருப்பேன். ஒரு மாசம் ரெண்டு மாசமாவது ஷெரீப்புக்குக் கீழ வேலை பார்த்தாரா?"

"இல்லைங்க. தபால்தான் போட்டாரு."

"போகட்டும், மத்திய அரசு ஊழியர். இந்தக் கறை என்னம்மா?"

"அவரோட ரத்தம். யாருக்கும் துடைக்க மனசு வரல."

டெல்பர்ட் கண்களை மூடித் திறந்தார். "துடைக்காம விட்டது உங்க குடும்பத்தோட பெருந்தன்மை. நாலாயிரத்து ஐந்நூறு."

குழு அங்கேயே அவசரக் கூட்டம் கூடி, மேற்படி தொகையை ஏகமனதாக அங்கீகரித்தது. கூட்டம் முடிவதற்குள், பின்னால் நின்றிருந்த பல் டாக்டர் ஒருவர் பர்ஸைத் திறந்துவிட்டார்.

நெல்டா அவர் பக்கம் திரும்பினாள். "உங்க வீட்டுல பசங்க இருக்காங்களா டாக்டர்?"

"மூணு பேர். ஏம்மா?"

"இதை எங்க வைப்பீங்க?"

"கட்டிலுக்குப் பக்கத்து இழுப்பறையில. இவ்வளவு அழகை இரும்புப் பெட்டியில போட்டுப் பூட்டறதாவது!"

நெல்டா துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே என் மேசைக்கு வந்தாள். என் சரக்கு துப்புரவுச் சாமான்கள்: எண்ணெய், துணி, தூரிகை, மரக்கைப்பிடிகளுக்கான உப்புத்தாள்.

"இதுல எதுங்க ரொம்ப முரடு?"

உப்புத்தாளைக் காட்டினேன். ஒன்றரை டாலர் என்றேன். பேரமே பேசாமல் கொடுத்தாள். பேரம் பேசாத மனிதரைக் கண்டால் ஜாக்கிரதையாக இரு என்று எங்கப்பா சொல்லித்தான் வளர்த்தார். ஆனால் காசு கைக்கு வந்துவிட்டது.

சரக், சரக் என்று சத்தம் கேட்டது. முதலில் கம்பெனியின் பெயர் போயிற்று. பிறகு வருஷம். பிறகு தாத்தா.

"கொலை!" என்று அலறினார் டெல்பர்ட். "யாராவது பிடிங்கய்யா! பட்டப்பகல்ல கொலை!"

யாரும் கிட்டே போகவில்லை. ராய்ஸ் சாசேஜைக் கடிக்க மறந்து நின்றான். நெல்டா நிதானமாக மறுபக்கத்தையும் தேய்த்து முடித்து, தூசியை ஊதிவிட்டு, மேசைமேல் வைத்தாள். "இப்ப என்ன விலைங்க?"

டெல்பர்ட் கையுறையைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இருநூறு," என்றார். "அதுவும் உதிரி பாகத்துக்கு."

"கேட்டியாடா?" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, அதை ரொட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு அவள் கிளம்பினாள். அந்தப் பை கடந்துபோகையில் சங்கத்தார் வரிசையாக எழுந்து, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். பல் டாக்டர் விம்மினார். அப்படியொரு ஈர நெஞ்சம் படைத்தவர்கள் எங்கள் சங்கத்தார். முப்பது வருஷமாக அவர்களுக்குப் பக்கத்தில் மேசை போடுகிறேன்; அந்த நாலாயிரம் துப்பாக்கிகளுக்கு நடுவே அவர்களில் ஒருவர் வாயால் 'கொலை' என்ற சொல்லை நான் கேட்டது அன்றுதான்.