எதற்கும் இன்னொரு குவளை

'எதற்கும் இருக்கட்டும்' இனத்தார் உலகமெங்கும் பரவியிருக்கிறார்கள். ஆபத்து வராமலிருக்க இவர்கள் படுத்தும் பாட்டைப் பார்த்தால், ஆபத்தே ஒரு தடவை வந்துவிட்டுப் போயிருக்கலாமே என்று தோன்றும். குடை எடுப்பார்கள், குடை பறந்துவிட்டால் என்ன செய்வது என்று தொப்பி எடுப்பார்கள், தொப்பியும் பறக்குமே என்று கடைசியில் வெளியே போகாமலே இருந்துவிடுவார்கள்.

இந்த இனத்தின் முற்றிய உதாரணம் ஒன்று எங்கள் கோசோ தீவில் இருக்கிறது. பெயர் வென்ஸு. சைத்தானைக் குழப்பத் தேவாலயக் கோபுரத்தில் இரண்டு கடிகாரம் வைத்து, ஒன்றைத் தப்பாக ஓடவிடுபவர்கள் நாங்கள். மீன்படகின் முகப்பில் இரண்டு கண் வரைபவர்கள். அது அளவான முன்னெச்சரிக்கை. வென்ஸு படகின் பின்பக்கமும் இரண்டு கண் வரைந்தார். "பின்னாடி வர்ற சைத்தானை யாரு பாக்கிறது?"

இப்பேர்ப்பட்டவர் கையில்தான் டோரிஸம்மாவின் கடலோர விடுதியின் ஆர்.ஓ. அறை இருந்தது. கிணற்றில் ஊறுவது பாதி கடல்நீர். அதைச் சவ்வு வழியே அழுத்தித் தள்ளினால் உப்பு இந்தப்பக்கம், குடிநீர் அந்தப்பக்கம். தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு சவ்வில் படிந்து அடைக்காதிருக்க, முதலிலேயே ஒரு மருந்து கலக்க வேண்டும். பீப்பாய்க்கு ஒரு குவளை என்று மருந்து விற்றவர் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்.

ஒரே ஒரு குவளையாம்!

பதினாறு வருடமாக வென்ஸு ஒன்றரைக் குவளையில் மனதை அடக்கிக்கொண்டிருந்தார். இந்தக் கோடையில் கிணறு இறங்கியது; உப்பு ஏறியது; பயமும் ஏறியது. பீப்பாய்க்கு ஒன்று, ஆகஸ்ட் வெயிலுக்கு ஒன்று, திருவிழாக் கூட்டத்துக்கு ஒன்று, சீட்டு எழுதியவர் கஞ்சனாக இருந்திருந்தால் என்ன கதி என்று இன்னொன்று. அழுத்தமானியின் முள் மேலே போயிற்று. மேலும் ஊற்றினார். முள்ளும் மேலும் போயிற்று. வைத்தியம் கூடக் கூட நோயும் கூடினால் மற்றவர்கள் வைத்தியத்தைச் சந்தேகிப்பார்கள். வென்ஸு அளவைச் சந்தேகித்தார்.

வியாழக்கிழமை காலை, வாத்தியக் குழுவோடு வந்திருந்த எக்காளக்காரர் தலை நிறைய சோப்பு நுரையோடு, இடுப்பில் துண்டோடு இறங்கி வந்தார். "ஏங்க, உங்க குழாயில தண்ணி வருமா, இல்ல யோசிச்சுக்கிட்டே இருக்குமா?"

டோரிஸம்மா வென்ஸுவைக் கூப்பிட்டார். "சனிக்கிழமை புனிதர் ஊர்வலம். நாப்பது பேர் குளிக்கணும். நாளைக்குள்ள தண்ணி சரியா வரலேன்னா அந்த ரூம் சாவி உன் மச்சான் கைக்குப் போயிரும்."

"அந்த ரூமைக் கொழந்த மாதிரி பொத்திப் பொத்திப் பாத்துக்கிட்டேனேம்மா!"

"அதான் மூச்சு முட்டுது அதுக்கு."

மச்சான் ஃபேபியன், ஆர்.ஓ. பழுது பார்ப்பவர். மைத்துனன் தொழிலிலும் கெட்டிக்காரனாக இருப்பதைவிடப் பெரிய துன்பம் உண்டா? வந்தார், சவ்வு இருந்த குழாயைத் திறந்தார், சவ்வை உருவினார். பழுப்பாக, கொழகொழவென்று வந்தது.

"மச்சான், இது என்ன?"

"சுண்ணாம்பு! நான் அப்பவே சொன்னேன்!"

"எங்க, தேடிக் காட்டு."

வென்ஸு கண்ணாடி மாட்டினார். அதன்மேல் இன்னொரு கண்ணாடி மாட்டினார். விரலால் தடவினார், மோந்தும் பார்த்தார். சுண்ணாம்பு ஒரு பொட்டுகூட இல்லை.

"எல்லாம் நீ ஊத்துன மருந்து மச்சான். கெணத்துத் தண்ணியில இருக்கிற இரும்போட சேந்து கூழாயிருச்சு. சுண்ணாம்பு வந்து ஒக்காரணும்னாலும் நீ எங்க எடம் வெச்ச?"

வென்ஸுவின் முகம் கோயில் விளக்குபோல் மலர்ந்தது. "டோரிஸம்மா, கேட்டீங்களா? பொட்டு சுண்ணாம்பு இல்லையாம்!"

"தண்ணியும் இல்லையே?"

"அது வேற விஷயம்மா."

ஃபேபியன் சவ்வை இரண்டு முறை கழுவி, பீப்பாயைக் கவிழ்த்துவிட்டு, ஒரே குவளை மருந்தோடு ஓடவிட்டார். வெள்ளி மாலை எக்காளக்காரரின் தலை நுரையிலிருந்து விடுபட்டது. டோரிஸம்மா கையை நீட்டினார். வென்ஸு மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்தார். அந்தப் பணிவுதான் அம்மாளுக்கு உறுத்தியது.

"இன்னும் எத்தனை இருக்கு?"

காலணிக்குள்ளிருந்து ஒன்று வந்தது. தொப்பிக்குள்ளிருந்து ஒன்று. கழுத்தில் புனிதர் பதக்கத்தோடு தொங்கியது ஒன்று.

"வீட்டுல?"

வென்ஸு கடலைப் பார்த்தார்.

நல்லவேளை, நாம் அப்படியில்லை என்று சாய்ந்து உட்காருகிறீர்கள். மிகவும் சரி. கேஸை மூடினீர்களா? மூடினீர்கள். நன்றாகவே மூடினீர்கள்.

அட, உட்காருங்கள்!