சேவ் ஆக ஒரு சேவல்

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கத்தரிக்காய் வாங்கும்போது மட்டும் எங்கிருந்தோ அறிவு வந்துவிடுகிறது. காம்பைக் கிள்ளுகிறார்கள், புழு இருக்கிறதா என்று ஒடித்துப் பார்க்கிறார்கள். சாமியார் ஒருவன் வந்து "கண்ணை மூடு" என்றால் போதும், கண்ணோடு சேர்த்து மண்டையையும் மூடிக்கொள்கிறார்கள்.

முப்பது வருடம் மாரண்டஹள்ளிச் சந்தையில் தக்காளி விற்ற குப்புராஜுக்கு இந்த எரிச்சல் எப்போதும் உண்டு. அன்று அது உச்சந்தலைக்கு ஏறியிருந்தது. காரணம், அவர் கக்கத்தில் இருந்த செவலைச் சேவல்.

மாதவராஜின் டைப்பிங் சென்டர் வாசலில் திருவிழாக் கூட்டம். கம்பைநல்லூர்க்காரர் ஒருவர் கம்ப்யூட்டர் பெட்டியை வேட்டியில் சுற்றி, காய்ச்சல் கண்ட பிள்ளை போல மடியில் வைத்திருந்தார். ஆளுக்கொரு சேவல். மேலே பேனர்: 'சிஸ்டம் சித்தர் வருகை! ஃபைல் சேவ் ஆகவில்லையா? ஏவல்! ஏவலை விரட்டும் சேவல்!'

சித்தரின் ஆராய்ச்சி சுலபமானது. 'சேவல்' என்பதில்தான் 'சேவ்' அடங்கியிருக்கிறது. அந்தச் 'சேவ்'வைப் பேய் பிடித்து வைத்திருக்கிறது. முழுச் சேவலைக் கொடுத்தால் பேய் 'சேவ்'வை விட்டுவிடும். இப்படிப்பட்ட மேதைக்குப் பட்டம் கொடுக்க ஊரில் ஆள் இல்லை. அதனால் சேவல் கொடுத்தார்கள்.

குப்புராஜுக்கு வேண்டியது ஒரு மனு. அவர் நிலத்துக்குப் போகிற வண்டிப்பாதையில் பக்கத்துக் காட்டுக்காரன் கம்பிவேலி போட்டுவிட்டான். தக்காளி செடியிலேயே பழுத்து நிற்கிறது. மூன்று மணிக்குப் பாலக்கோடு தாலுகா ஆபீசில் விசாரணை. டைப் அடிக்கிற காவியா காலையிலிருந்து நாலு பக்கம் அடித்து, இரண்டு முறை கரண்ட் போய், இரண்டு முறையும் எல்லாம் அழிந்து, மூன்றாவது முறை அடித்து முடித்திருந்தாள்.

"சேவ் ஆக மாட்டேங்குதுங்க தாத்தா. சேவ் ஆகாம இது பிரிண்டும் குடுக்காது."

"நேத்து நான் சொன்னபடி சேவல கொண்டாந்துட்டீங்க இல்ல, கவலைப்படாதீங்க" என்றார் மாதவராஜ். "போன வாரமும் இதே கதைதான். சாமி வந்தாரு, சரியாப் போச்சு."

"அதுக்கு முந்தின வாரம்?"

"அப்பவும் சாமிதான் வந்தாரு."

"வாராவாரம் திரும்பி வருதுன்னா அது பேயா, உன் மச்சானா?"

சித்தர் உள்ளே வந்தார். காவி, கழுத்தில் பென்டிரைவ் கோத்த மாலை. திரையின் வலதுபக்கக் கீழ்மூலையில் வெள்ளிக்கு வெள்ளி அவர் அப்பிய சந்தனம் வடை கனத்துக்கு ஏறியிருந்தது. அதைத் தொட்டால் மெஷின் வெடிக்கும் என்பது அவர் உத்தரவு.

"எல்லாரும் கண்ண மூடுங்க! தொறந்தா பார்வை போயிரும்!"

மூடினார்கள். குப்புராஜ் மூடவில்லை. கண்புரை ஆபரேஷனுக்கு ஒன்றரை மாதம் சொட்டு மருந்து விட்டவர், சும்மா மூடுவதற்கா?

சித்தரின் இடதுகை செவலையை வாங்கிச் சுழற்றியது. வலதுகை மெல்ல மவுசுக்கு ஊர்ந்தது. குப்புராஜ் அந்த மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஏனய்யா, பேயி மெஷின்ல இருக்குது, சேவலு இந்தக் கையில இருக்குது. அந்தக் கை எலியத் தேடிக்கிட்டு எங்க போவுது?"

"பெரியவரே, கைய எடுங்க! ரத்தம் கக்குவீங்க!"

"வெத்தலை போட்டா தெனமும்தான் கக்குறேன்." தோளிலிருந்த துண்டை உருவினார். "அந்தச் சந்தனத்துக்கு அடியில என்னதான் ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"ஐயோ, வெடிக்கும்!" என்று சித்தர் அலற, கூட்டம் சேவல்களோடு ரோட்டுக்கு ஓடியது. மாதவராஜ் முதல் ஆளாக ஓடினார். குப்புராஜ் ஒரே இழுப்பில் துடைத்தார்.

மெஷின் வெடிக்கவில்லை. சந்தனம் இருந்த இடத்தில் சின்ன எழுத்தில் இரண்டு வரி இருந்தது.

"படி ஆத்தா."

காவியா குனிந்து பார்த்தாள். "உள்ள இடம் இல்ல, வேண்டாததை அழிச்சா சேவ் ஆகும்னு போட்டிருக்குதுங்க தாத்தா. எத்தனை வாரமா சொல்லிக்கிட்டே இருந்திச்சோ!"

"மண்டி நெறஞ்சா வண்டிய வெளியவே நிறுத்துறான். பேய் புடிச்சிருச்சுன்னா சேவலு அறுக்குறோம்? உள்ள என்னத்த அடைச்சிருக்குது, பாரு."

பார்த்தாள். 'ரட்சை' என்ற பெயரில் நாற்பத்தோரு வீடியோ. ஒன்றைத் திறந்தாள். மூன்று மணி நேரத்துக்குச் சித்தர் ஹோமகுண்டத்தைச் சுற்றி வந்துகொண்டே இருந்தார். பேய் ஓட்டும்போது அதில் இரண்டை அழிப்பார்; போகும்போது காப்பு என்று சொல்லி இரண்டை ஏற்றிவிடுவார். அடுத்த வாரத்துக்குள் நிறைந்துவிடும். அடுத்த சேவல்.

"மந்திரம் வேணாம், சேவலும் வேணாம். அத்தனையும் அழி ஆத்தா."

அழித்தாள். சேவ் பொத்தானை அழுத்தினாள். சேவ் ஆனது. நாலு பக்கமும் சுடச்சுட வந்து விழுந்தன. சித்தர் நின்ற இடத்தில் இரண்டு இறகும் அவர் போட்டுவிட்டு ஓடிய செவலையும் மட்டும் இருந்தன, பின்கதவு ஆடிக்கொண்டிருந்தது.

"ஃபைலு பத்திரமா உள்ள இருக்குதுங்க தாத்தா. எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

"நேத்து உள்ள பேய் இருக்குதுன்னீங்க. இன்னிக்கு மனு இருக்குதுங்கறீங்க. நான் ரெண்டையும் பாக்கல" என்று காகிதத்தை மட்டும் மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

வெளியே வந்தால் கூட்டம் காலில் விழாத குறை. கம்பைநல்லூர்க்காரர் பெட்டியையும் சேவலையும் ஒன்றாக நீட்டினார்.

"உங்க துண்டுக்கு என்னா சக்திங்க! எங்க வூட்டு மெஷினையும் ஒரு தடவை தொடச்சு விடுங்க சாமி!"

குப்புராஜ் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"துண்டு வாரச் சந்தையில விக்குதய்யா. ஒண்ணு வாங்கி, மொதல்ல உன் கண்ணத் தொடச்சுக்க. அப்புறம் எழுதியிருக்கறதப் படி. ரெண்டெழுத்து படிச்சவன் நீதான், நானில்ல."

"சரிங்க சாமி" என்றார் அவர், பயபக்தியோடு.

குப்புராஜ் அதற்கு மேல் நிற்கவில்லை. செவலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாலக்கோடு பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்.