படத்தில் திறந்த கதவு

மடிக்க வேண்டிய துணி கட்டில் மேல் மலையாகக் கிடக்கிறது. இரண்டு துணி மடிக்கிறேன், இரண்டு வரி எழுதுகிறேன். பாப்பாவின் துணி சின்னது, சீக்கிரம் மடிந்துவிடும். என் வீட்டுக்காரரின் கால்சட்டை கையில் வந்தால்தான் தொல்லை. முழங்காலில் கிரீஸ் கறை. எப்படி மடித்தாலும் கறைதான் மேலே வந்து நிற்கும். அவர் பேச்சும் அப்படித்தான். எங்கே தொடங்கினாலும் லிஃப்டில் வந்து நிற்கும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நின்றுபோன லிஃப்டை ஓடவைப்பதில் கெட்டிக்காரர். ஓடிக்கொண்டிருக்கும் வீட்டை நிறுத்திவைப்பதிலும் கெட்டிக்காரர்.

இந்தத் தடவை சண்டை ஒரு நாவலால் வந்தது. கீழ்வீட்டில் இருக்கும் அண்ணி, அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, கொடுத்த நாவல். மொத்தம் இரண்டு பாகம். பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு முதல் பாகத்தை மட்டும் கொடுத்தார். "பாப்பா வாய்க்குப் போகாம இதைத் திருப்பிக் கொடு. அப்புறம்தான் அடுத்தது" என்றார். பாப்பா அன்றைக்கே ஒரு மூலையைச் சப்பிவிட்டது. வெயிலில் காயவைத்து எடுத்தேன்.

நான் அதிகம் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. வரிக்குக் கீழே விரல் வைத்து, உதட்டை அசைத்துத்தான் படிப்பேன். ஆனாலும் அந்தக் கதை என்னை விடவில்லை. செருப்புத் தொழிற்சாலையில் தையல் போடும் ஒருத்தி. முன்பல் ஒன்று உடைந்தவள். அவள் புருஷன் சீட்டாட்டத்தில் அவளுடைய தையல் மெஷினையே தோற்றுவிட்டு ஊரைவிட்டு ஓடிப்போகிறான். அதற்கப்புறம் அவள் எப்படிப் பிழைத்தாள் என்பதுதான் கதை. பாப்பா தூங்கும்போது ஒரு பக்கம் படிப்பேன். அடுப்பில் பால் வைத்தால், பொங்குவதற்குள் அரைப் பக்கம்.

நான் அந்த அரைப் பக்கத்தை முடிக்கும் வரை பால் காத்திருக்கவில்லை. அன்று அவர் சமையலறை நடுவில், வழிந்த பாலுக்குப் பக்கத்தில் நின்று சபதம் எடுத்தார்.

"இன்னியோட இந்தக் கதைக்கு ஒரு முடிவு கட்டறேன்!"

"முடிவு நான் இன்னும் படிக்கலைங்க."

"அதைத்தான் சொல்றேன். இது படமா வந்திருக்கு. வா, பாத்துட்டு வந்துடலாம். உட்கார்ந்து எழுந்தா கதை முடிஞ்சுது. மாசக்கணக்கா நீ உதட்டை ஆட்டிக்கிட்டு இருக்க வேண்டாம்."

"படம் வேற, புத்தகம் வேறங்க..."

"எப்படி வேற ஆகும்? கதையை வாங்கித்தானே எடுத்திருக்கான்? வாங்கினதைத்தானே காட்டுவான்? கட்டடத்துல லிஃப்ட் இருக்கும்போது யாராவது படி ஏறுவாங்களா? படி ஏறுறதும் படிக்கிறதும் ஒண்ணுதான். ரெண்டுலயும் மூச்சுதான் வாங்கும்!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பாப்பாவும் சிரித்தது. ஒருவருக்குப் பல் இருந்தது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

அவர் போட்ட கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. முடிவு தெரிந்துவிட்டால் நான் புத்தகத்தைத் தொடமாட்டேன். பால் பொங்காது. அவருக்குத் தேநீர் சூடாக வரும். எனக்கு இருந்த ஒரே ஒரு சந்தோஷம் போய்விடும் என்பது அவர் கணக்கில் வரவே இல்லை. அழுகையாக வந்தது. முகத்தைக் காட்டாமல் பாப்பாவுக்குச் சட்டை மாட்டினேன். பையில் பால்புட்டி வைத்தேன், மாற்றுத்துணி வைத்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் புத்தகத்தையும் வைத்தேன்.

தியேட்டரில் விளக்கை அணைத்தார்கள். உடனே பாப்பா வாயைத் திறந்தது. படத்தில் யாரோ ஒருவன் கத்தினான். பாப்பா அவனைவிடச் சத்தமாகக் கத்தியது. முன்வரிசைக்காரர் திரும்பி, "நாங்க எந்தப் படத்தைப் பாக்கறது?" என்று கேட்டார். கூச்சத்தில் நான் பாதியாகிப் போனேன்.

"கொஞ்சம் வெளியில வச்சுக்கோ. அழுகை நின்னதும் வந்துடு" என்றார் என் வீட்டுக்காரர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெளியே வந்ததும் அழுகை நின்றுவிட்டது. பாப்பா தோளில் சாய்ந்து தூங்கியும் போனது. வராந்தாவில் நல்ல வெளிச்சம். சுவரோரமாக ஒரு நீள பெஞ்சு. அடுப்பு இல்லை, பால் இல்லை, கூப்பிட ஆளும் இல்லை. பையின் அடியில் கையை விட்டேன்.

டிக்கெட் கிழிப்பவர் எட்டிப் பார்த்தார். "பாப்பா தூங்கிடுச்சே. உள்ள போகலையாம்மா?"

"உள்ள போனா முழிச்சுக்கும்ண்ணே."

"அது என்ன புத்தகம்?"

"உள்ள ஓடுதே, இதுதான்."

அவர் கதவைப் பார்த்தார். என் மடியைப் பார்த்தார். "நான் இந்தப் படத்தைப் பாத்ததே இல்லம்மா. இங்க நின்னு கேட்டிருக்கேன், அவ்வளவுதான். இரு, இப்போ மழைப் பாட்டு வரும்."

வந்தது. நானும் அப்போது அதே மழையில்தான் இருந்தேன். புத்தகத்தில் அவளுக்கு ஒரு செருப்பு அறுந்துவிடுகிறது. இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதே என்று ஓடுகிறாள். ஊருக்கெல்லாம் செருப்புத் தைக்கிறவள், வெறுங்காலோடு ஓடுகிறாள். கதவுக்கு அந்தப் பக்கம் டமடம என்று தாளம். ஒரு கூட்டமே குதிப்பது பெஞ்சு வரைக்கும் அதிர்ந்தது.

"இத்தனை பேர் எங்கேர்ந்து வந்தாங்கண்ணே? புத்தகத்துல அவ தனியாத்தானே போறா?"

"மழைக்கு ஒதுங்கினவங்களா இருக்கும்" என்றார் அவர்.

இடைவேளையில் என் வீட்டுக்காரர் பாப்கார்னோடு வந்தார். புத்தகம் பையின் அடிக்குப் போய்விட்டது.

"பாவம், நீதான் ஒண்ணும் பாக்காம போயிட்ட."

"பரவாயில்லைங்க. நீங்க நல்லாப் பாருங்க."

கல்யாணமான நாளிலிருந்து நான் அவரிடம் இவ்வளவு மனசார எதையும் சொன்னதில்லை.

அவர் படத்தை முடிப்பதற்குள் நான் முதல் பாகத்தை முடித்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில், ஓடிப்போன புருஷன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். அவள் தலை நிமிராமல் தைத்துக்கொண்டே இருக்கிறாள். அவ்வளவுதான். புத்தகத்தை மூடிய பிறகும் அவன் தட்டுவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவர் ஆரம்பித்தார்.

"கடைசியில என்ன ஆச்சு தெரியுமா?"

"சொல்லாதீங்க."

"சொல்லுவேன். புருஷன் வந்து கதவைத் தட்டறான். இவ ஓடி வந்து திறக்கறா. காத்து அடிக்குது பாரு, முடி அப்படியே பறக்குது! வீட்டுக்குள்ள எங்கேர்ந்து காத்து வந்துச்சுன்னு கேக்காத. ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு ஒரே அழுகை. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

"அவளோட உடைஞ்ச பல்லு?"

"எந்தப் பல்லு? அவளுக்கு எல்லாப் பல்லும் இருந்துச்சே. சிரிச்சா தியேட்டரே வெளிச்சமாச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருக்கிற பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஆக, கதை முடிஞ்சுது. புத்தகத்தை அக்காகிட்டக் கொடுத்துடு."

அண்ணி கீழ்வாசலிலேயே நின்றிருந்தார். "என்னடா தம்பி, படம் எப்படி?"

"பிரமாதம்க்கா! அவ கதவைத் திறந்தா பாரு..."

"திறந்தாளா?" அண்ணி என்னைப் பார்த்தார்.

நான் தரையைப் பார்த்தேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அன்றைக்கு எப்படியோ வந்துவிட்டது.

"புத்தகத்துல அவ திறக்கமாட்டான்னு தோணுதுங்க."

"தோணுதா? நான் கண்ணால பாத்துட்டு வந்தவன்! நீ பாதிகூடத் தாண்டாதவ!"

"இருந்தாலும்..."

"பந்தயம்! அக்கா, நீதான் சாட்சி. புத்தகத்துல கதவு திறந்தா, இவ இனிமே புத்தகம்னு ஒண்ணைக் கையால தொடக்கூடாது. திறக்கலைன்னா, நான் வேலை முடிஞ்சு வந்ததும் பாப்பா என்கிட்ட. பாத்திரமும் என்கிட்ட. மகாராணி காலை நீட்டிப் படிக்கட்டும்!"

இனிமேல் படிக்கவே கூடாது என்றதும் புத்தகம் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முடிவு தெரிந்திருந்தும் பிடித்துக்கொண்டேன். தோற்கிற ஆட்டத்தில் ஆட்டக்காயையே மாற்றிவிடுகிற ஆள் அவர்.

அண்ணி புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார். தட்டினான். தைத்தாள். மறுபடி தட்டினான். மறுபடி தைத்தாள்.

"ம், அப்புறம்?"

"அப்புறம் அட்டைதான்."

"அது எப்படி? முற்றும்னுகூடப் போடலையே! கிழிஞ்சு போயிருக்கும். பாப்பா தின்னிருக்கும்!"

"பாப்பா மூலையைத்தான்டா தின்னுச்சு. கதவைத் தின்னலை."

"தையல் போடறவ ஊசியைப் பாதியில விட்டுட்டு ஓட முடியுமா? அந்தத் தையலை முடிச்சுட்டுத் திறந்திருப்பா."

"எங்க எழுதியிருக்கு?"

"எழுதணுமா? நான் பாத்தேன்க்கா!"

"லிஃப்ட்ல போறவனுக்கு நடுவுல இருக்கிற மாடி எதுவும் தெரியாதுடா தம்பி. அவ ஏன் திறக்கலைன்னு தெரியணும்னா, கீழேர்ந்து ஏறி வா."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. புத்தகத்தைப் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"படிக்கிறேன். அவ திறக்கிற ஆள்தான்னு நிரூபிக்கிறேன். அதுவரைக்கும் பாப்பாவையும் பாத்துக்கறேன், பாத்திரமும் தேய்க்கறேன். ஆனா புத்தகம் என்கிட்டதான் இருக்கும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். புத்தகமே இல்லாமல் எதைப் படிப்பாய் என்று அர்த்தம். நான் முகத்தை எவ்வளவு சோகமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு சோகமாக வைத்துக்கொண்டேன். அவர் மாடிக்குப் போனதும் அண்ணி உள்ளே போய் இரண்டாம் பாகத்தை எடுத்து வந்தார். என் பையில் போட்டார்.

தொல்லை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். எங்கே தீர்ந்தது? படிக்காத மனிதரோடு குடித்தனம் பண்ணிவிடலாம். படிக்க ஆரம்பித்த மனிதரோடு முடியாது.

"ஏம்மா, இந்தச் சீட்டாட்டக்காரன் இவ்வளவு அயோக்கியனா? படத்துல அவனுக்குத் தங்கச்சி ஒருத்தி இருந்தாளே, அவளுக்காகத்தானே ஓடினான்?"

"புத்தகத்துல தங்கச்சி கிடையாதுங்க."

"ரயில் மேல ஏறிச் சண்டை போட்டானே?"

"ரயிலே கிடையாதுங்க."

"ரயிலே கிடையாதா!" பெட்டியை ரயிலில் வைத்துவிட்டு இறங்கியவர் மாதிரி முழித்தார்.

சாப்பிடும்போது படித்தார். குளியலறைக்குள் கொண்டுபோனார். ஒரு லிஃப்டைப் பாதி மாடியில் நிறுத்திவிட்டு அதற்குள் உட்கார்ந்து படித்தார் என்று கூட வேலை பார்ப்பவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு மழைப் பக்கத்தைப் படித்த அன்று அவருக்கு ஆவேசமே வந்துவிட்டது.

"இந்த இடத்துல போயா டான்ஸ் வச்சான்? காலுல செருப்பில்லாம ஓடறாளே, அறிவு வேண்டாம்?" என்று பாப்பாவைத் திட்டினார். பாப்பா அழுதது. அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. அதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஒருவழியாகக் கடைசிப் பக்கத்துக்கு வந்தார்.

"திறக்காத! நீ மட்டும் திறந்த, நான் மனுஷனா இருக்கமாட்டேன்!" என்று புத்தகத்தைப் பார்த்துக் கத்தினார். பக்கத்தைத் திருப்பினார். அட்டை வந்தது. "அப்புறம்? அப்புறம் என்னதான் ஆச்சு? அவன் போயிட்டானா, வாசல்லயே நிக்கறானா?"

பாப்பாவையும் தூக்கிக்கொண்டு கீழே ஓடினார். அவர் கத்தியது மாடிவரைக்கும் கேட்டது.

"ரெண்டாம் பாகமா? ரெண்டாம் பாகம் இருக்கா? எங்க?"

"உன் பொண்டாட்டிகிட்ட. அவ முடிச்சாத்தான் உனக்கு. நடுவுல கையை வச்சே, நடக்கிறதே வேற."

"வாயால சொல்லிடேன்க்கா."

"படி ஏறுடா."

"சரி, படத்துல ரெண்டாம் பாகம் எப்ப வரும்?"

"எங்கேர்ந்து வரும்? அவங்கதான் கதவைத் திறந்து விட்டுட்டாங்களே!"

மேலே வந்தபோது அவர் குரலே மாறியிருந்தது. பெண் பார்க்க வந்தபோது கூட அவ்வளவு மரியாதையாகப் பேசவில்லை.

"ஏம்மா, நீ எப்பம்மா முடிப்ப?"

"நான் உதட்டை ஆட்டிப் படிக்கிறவங்க. மெதுவாத்தான் ஆகும். நடுவுல பால் வேற பொங்கும்..."

"பாலை நான் பாத்துக்கறேன்! நீ போய் உட்காரு!"

அன்றிலிருந்து பாலை அவர் பார்த்துக்கொள்கிறார். பாத்திரத்தை, பாப்பாவை, வீடு பெருக்குவதை எல்லாம் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அறை வாசலில் நுனிக்காலில் நடக்கிறார். எனக்கு ஏதோ பெரிய வியாதி என்று எதிர்வீட்டம்மா ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டாம் பாகத்தை நான் எப்போதோ முடித்துவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. மடியில் அதை விரித்து வைத்துக்கொண்டு, அதன் மேல் தாளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

"ஏம்மா! எங்க வரைக்கும் வந்திருக்க?" சமையலறையிலிருந்து கேட்கிறார்.

"கதவுகிட்ட வந்துட்டேங்க."

"ஐயோ! நிறுத்திடாத, படி, படி! நான் அடுப்பையும் துடைச்சு வச்சுடறேன்."

பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுப்பு என்ன பளபளப்பாக இருக்கிறது தெரியுமா?

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், அவர் காதுக்குப் போகக்கூடாது. கடைசி அத்தியாயத்தில் அவன் மறுபடியும் வந்து தட்டுகிறான். இந்தத் தடவை அவள் ஊசியைக் கீழே வைக்கிறாள். எழுந்து வருகிறாள். தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். வைத்து...

"அம்மா தாயே, சீக்கிரம் வா! பாப்பா என் மேல எல்லாம் போயிடுச்சு!"

இதோ வந்துட்டேங்க! தாழ்ப்பாளில் கை வைத்தவள், கதவை